ம் கொட்ட ஒரு ஆள்

போடியில் ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குக் கையும் கண்ணும் வேண்டும். காது வேண்டாம். காலையில் குடோனுக்குள் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் எழுந்திருக்கும்வரை காது சும்மாதான் கிடக்கும். அதற்கு என்ன போடுவது என்பதில்தான் எங்கள் மேசையில் எல்லா வம்பும் வந்தது.

மேசையை முதலில் சொல்லிவிடுகிறேன். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலை ஒட்டி நீளமாகக் கிடக்கும். காயின் பச்சையைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் நிஜம் தெரியும். பல்பு வெளிச்சத்தில் சொத்தைக் காய்கூட நல்ல காயாக நடிக்கும். அதனால் ஜன்னலோரத்துக்கு எப்போதும் மவுசு. ஒரு குவியலுக்கு இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவோம். ஒருத்தி நிறம் பார்ப்பாள், இன்னொருத்தி வெடித்த காயையும் காம்பையும் எடுப்பாள். ஒருத்தி கைக்குத் தப்பினது எதிராளி கையில் மாட்டும்.

எனக்கு எதிரே உட்காருகிறவளை மதினி என்று கூப்பிடுவேன். சொந்தமெல்லாம் இல்லை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பிறந்து போடிக்கு வாக்கப்பட்டு வந்தவள். என்னை ஏத்தா என்பாள். ஜோடி சேர்ந்து பல வருஷமாகிறது. என் வீட்டுக்காரர் மலைமேல் ஒரு எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை இறங்கினால் திங்கள் விடியலில் ஜீப்பேறிவிடுவார். ஆகவே அவர் முகத்தைவிட மதினி முகத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

மதினியிடம் ஒரு கைதேர்ந்த வித்தை உண்டு. ம் கொட்டுவாள். யார் என்ன சொன்னாலும் சரியான இடத்தில் ஒரு 'ம்' விழும். அதில் எத்தனையோ தினுசு வைத்திருக்கிறாள். 'அப்புறம்' என்று கேட்கிற ம் ஒன்று, 'இது எனக்கு முன்னமே தெரியும்' என்கிற ம் ஒன்று, 'நீ புளுகுகிறாய், பரவாயில்லை, சொல்லு' என்கிற நீளமான ம் ஒன்று. அவள் ம் கொட்டினால் ஊமைகூடக் கதை சொல்வான் என்று கணக்குப்பிள்ளையே சொல்லியிருக்கிறார்.

குடோனில் ஹெட்செட் மாட்டக் கூடாது. கணக்குப்பிள்ளை கூப்பிட்டால் காதில் விழ வேண்டும், மூட்டை தூக்குகிறவர்கள் "வழி, வழி" என்று வந்தால் ஒதுங்க வேண்டும். ஆகவே மேசைக்கு ஒரு போன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. பாட்டுப் போட்டால் ஒருத்திக்கு அம்மன் பாட்டு வேண்டும், ஒருத்திக்குப் பழைய பாட்டு, இன்னொருத்திக்குப் போன வாரம் வந்தது. சீரியல் போட்டால் வசனத்தைவிட அழுகைதான் அதிகம் கேட்கும். முகத்தைப் பார்க்காமல் அழுகையை மட்டும் கேட்டுக்கொண்டு காய் பொறுக்கினால் இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

போன பொங்கலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த மகள்தான் என் போனில் பாட்காஸ்ட் கேட்க வழி செய்து கொடுத்தாள்.

"ரேடியோ மாதிரிதாம்மா. ஆனா நீ கேக்கிறப்பதான் அவங்க பேசுவாங்க" என்றாள்.

அந்த மரியாதை எனக்குப் பிடித்துப்போயிற்று. என்ன வேண்டும் என்று கேட்டாள். வரலாறு என்றேன். சிரித்தாள். சிரிக்க என்ன இருக்கிறது? எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே வரலாறு பிடிக்கும், வருஷம்தான் பிடிக்காது. யாரோடு யார் சண்டை போட்டான், எதற்குப் போட்டான் என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்லுவேன். பரீட்சையில் பாவிகள் வருஷத்தைத்தான் கேட்டார்கள்.

நல்ல வரலாற்றுப் பாட்காஸ்ட் தேடுவதும் மாப்பிள்ளை தேடுகிற கதைதான், போட்டோவில் எல்லாரும் லட்சணமாக இருக்கிறார்கள். முதலில் மாட்டினவர் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் ஒரு முரசு வைத்திருந்தார். ராஜா எழுந்தார், டமார். ராஜா பல் விளக்கினார், டமார். எனக்கு எதிரே மதினி ஒவ்வொரு டமாருக்கும் ஒரு காயை நழுவவிட்டாள். அடுத்தது இரண்டு இளவட்டங்கள். விஷயத்துக்கு வருவதற்கு முன்னால் தங்களுக்குள்ளேயே பேசிச் சிரித்துச் சிரித்து எங்கள் குவியலில் பாதி முடிந்துவிட்டது. இன்னொருவர் வருஷங்களை வரிசையாக ஒப்பித்தார். அவரை நான் உடனே நிறுத்திவிட்டேன், பழைய பகை.

எங்களுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு குவியல் தீரும்போது ஒரு கதை தீர வேண்டும். கை நிற்காமல் காது மட்டும் பின்னாலேயே போகிற மாதிரிக் குரல் வேண்டும். உட்கார்ந்து யோசிக்க வைக்கிற பேச்சு ஆகாது, யோசித்தால் காய் கலந்துபோகும்.

அப்படித் தேடித் தேடி ஒருவர் கிடைத்தார். நம் பக்கத்துக் கதைகளைச் சொல்கிறவர். டீக்கடையில் உட்கார்ந்து பேசுவதுபோல் பேசுவார். பாளையங்கள், மலைப்பாதைகள், வரி கேட்டு வந்தவர்கள், வரி கொடுக்காமல் மலைக்குள் மறைந்தவர்கள் என்று சரளமாகப் போகும். தேவாரம், கம்பம் என்று தெரிந்த ஊர்ப் பேராக வரவும் எங்கள் மேசைக்கே ஒரு மிதப்பு வந்துவிட்டது. வாரக்கணக்கில் சந்தோஷமாகக் கேட்டோம். அவர் போனுக்குள்ளிருந்து சொல்லுவார், மதினி எதிரே இருந்து ம் கொட்டுவாள், இரண்டும் சேர்ந்து எனக்குச் சோறு இறங்குவதுபோல் இறங்கும்.

ஒரு நாள் அந்த மனிதர் ஒரு பழைய சண்டையைச் சொன்னார். படை வந்து மலையடிவாரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது, மேலே ஏற வழி தெரியவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக யாரோ வழி காட்டிவிட்டார்கள். யார் தெரியுமா என்று நிறுத்தி, ஊர்ப் பேரைச் சொன்னார். மதினி பிறந்த ஊர்.

"ஏ மதினி, உங்க ஊராமே. காட்டிக்குடுத்த ஊர்ல பெறந்துட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி உக்காந்திருக்கீக" என்றாள் மேசைக் கோடியில் இருந்தவள். எல்லாரும் சிரித்தார்கள்.

வழக்கமான கேலிதான். வேறு நாளாக இருந்தால் மதினி ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்று கொடுக்கவில்லை. ம் நின்றுவிட்டது. சாயங்காலம்வரை குனிந்த தலை நிமிரவில்லை.

மறுநாள் காலையில் நான் வந்தபோது மதினி காய் புடைக்கும் தன் சொளகை எடுத்துக்கொண்டு குடோனின் மறுகோடியில், பல்புக்குக் கீழே கிடந்த சின்ன மேசையில் உட்கார்ந்திருந்தாள். போய்க் கூப்பிட்டேன்.

"நீங்க உங்க சோலியப் பாருங்க" என்றாள்.

அதுவரை அவள் என்னை நீங்க என்று சொன்னதே இல்லை. நான் வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். எதிரே காலி முக்காலி.

கேலி செய்தவளே மறுநாள் வருத்தப்பட்டு எனக்கு விஷயத்தைச் சொன்னாள். அவள் மதினியின் தெருக்காரி. அந்தப் பேச்சு பழைய பேச்சாம். மதினி கல்யாணமாகி வந்த புதிதில் குழம்பில் உப்புக் கூடினாலும் "காட்டிக்குடுத்த ஊருக்காரிதான" என்பாளாம் மாமியார். பால் பொங்கி வழிந்தாலும் அதேதான். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது நின்றதாம். நின்ற பேச்சு இப்போது என் போன் வழியாக வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்துகொண்டது. அந்த மனிதர்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது.

கோபத்தைவிடக் கவலைதான் அதிகம். மதினி ஏற்கெனவே கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறவள். பல்புக்குக் கீழே அவள் பொறுக்கின காயைக் கணக்குப்பிள்ளை ஜன்னலுக்குக் கொண்டுவந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். எனக்கு எதிரே ஒரு புதுப்பெண்ணை உட்கார வைத்தார்கள். நல்ல பெண், வேலை சுத்தம், ஆனால் எதைச் சொன்னாலும் "அப்படியாக்கா" என்பதோடு சரி. மதினி திரும்ப வந்தாக வேண்டும் என்பது எனக்குப் பிடிவாதமாகவே ஆகிவிட்டது.

கெடுத்தது பாட்காஸ்ட் என்றால் சரிசெய்வதும் பாட்காஸ்ட்டாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். தேடினால் அதே சண்டையை வேறொருவர் சொல்லியிருக்கிறார். அவர் கதையில் மதினியின் ஊர்க்காரர்கள் சிங்கங்கள். மலைப்பாதையை உயிரைக் கொடுத்துக் காத்தவர்கள் அவர்கள்தான். மறுநாளே சத்தத்தைக் கூட்டிவைத்து, மறுகோடிக்குக் கேட்கிற மாதிரிப் போட்டேன். மதினியின் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஆனால் வழி காட்ட யாராவது ஒருவர் வேண்டுமே. கடைசியில் இவரும் வேறொரு ஊர்ப் பேரைச் சொன்னார். எனக்கு எதிரே இருந்த புதுப்பெண் கையிலிருந்த காயைக் குவியலில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"அப்ப எங்க ஆளுகதான் காட்டிக்குடுத்தாகளாக்கா? இதக் கேக்கத்தான் என்னைய இங்க உக்கார வச்சீகளா?"

அவள் ஊர் எது என்று எனக்கு அந்த நிமிஷம்வரை தெரியாது. அவள் ஒரு பக்கம் கண்ணைக் கசக்க, தெருக்காரி ஒரு பக்கம் சமாதானம் பேச, காய் மேசையெல்லாம் உருண்டது. கணக்குப்பிள்ளை வந்தார், விஷயத்தைக் கேட்டார்.

"இனிமே ராஜா, மந்திரி, படை, பட்டாளம் எவனும் இந்தக் குடோனுக்குள்ள வரக்கூடாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி போனை எடுத்து 'ராஜா இல்லாத வரலாறு' என்று தேடினேன். நீங்கள் சிரிக்கலாம். கிடைத்தது. ஒரு பெண் பேசுகிறார். உப்பின் கதை, சீப்பின் கதை, குடையின் கதை, ஊசியின் கதை என்று வரிசையாக இருந்தது. நாலைந்தை இறக்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் ஞாயிறு. அந்த வாரம் எஸ்டேட்டில் வேலை என்று வீட்டுக்காரர் இறங்கவில்லை, நான்தான் மேலே போக வேண்டும். அடிவாரத்து முந்தலைத் தாண்டி ஜீப்பு வளைய ஆரம்பித்தால் டவர் போய்விடும். போடிமெட்டில் போன் திரும்ப உயிர் பெறும்போது கேரளா வரவேற்கிறது என்று செய்தி வரும். நடுவில் நம்மிடம் இறக்கி வைத்தது மட்டும்தான் கதி.

ஜீப்பில் ஹெட்செட்டுக்குத் தடை இல்லை. உப்பைப் போட்டேன். நிதானமான குரல், முரசு கிடையாது. மொச்சை உரித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற தோரணை. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ஏதாவது ஒன்றைச் சுவையாகச் சொல்லிக்கொண்டே வந்து, "ஆனா இதுக்குச் சான்று இல்லை" என்று தானே போட்டு உடைத்துவிடுவார். இது தெரியும், இது தெரியாது, இது மக்கள் சொல்லிக்கொள்வது என்று தனித்தனியாகப் பிரித்து வைத்தார். நாங்கள் காய் பிரிப்பதும் அப்படித்தானே. வளைவு வளைவாக ஏறும்போது எனக்கு மனசு லேசாகிக்கொண்டே வந்தது.

எஸ்டேட்டில் ஏலச்செடிகளுக்கு நடுவே வீட்டுக்காரரோடு நடந்தபோதும் ஒரு காதில் மாட்டிக்கொண்டுதான் நடந்தேன். செடி நிழலும் ஈரமும் அந்தக் குரலும் சேர்ந்து சுகமாக இருந்தது. என்னையறியாமல் ம் கொட்டிக்கொண்டே வந்திருக்கிறேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அவர் பழைய மொபெட் ஒன்று வாங்கட்டுமா என்று கேட்டதற்கும் நான் ம் சொல்லியிருக்கிறேன். வாங்கியேவிட்டார். அது இப்போதும் மேலேதான் நிற்கிறது, பெரும்பாலும் நிற்கத்தான் செய்கிறது.

திங்கட்கிழமை உப்பை மேசையில் போட்டேன். கணக்குப்பிள்ளை சிறிது நேரம் நின்று கேட்டார். ராஜா வருகிறாரா என்று பார்த்தார். வரவில்லை. போய்விட்டார். பெண்களுக்குப் பிடித்துப்போயிற்று. எல்லாரையும்விட அந்தச் 'சான்று இல்லை' பிடித்தது. புதுப்பெண் கண்ணீரெல்லாம் மறந்து, "நேத்தே கைமாத்தத் திருப்பிக் குடுத்துட்டேனே" என்று சொன்ன தெருக்காரியைப் பார்த்து, "சான்று இல்லைக்கா" என்றாள். அன்றிலிருந்து குடோனில் யாரும் சும்மா எதையும் அளந்துவிட முடியாமல் போயிற்று.

மறுகோடியில் மதினி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் கதையில் நல்ல இடம் வரும்போது அவள் சொளகுச் சத்தம் நின்று நின்று வந்தது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது என்று சொன்னால் பொய். எனக்கு அந்த ம் வேண்டும். சீப்பு போனது, குடை போனது, ஊசி போனது. முக்காலியில் புதுப்பெண் 'அப்படியாக்கா' சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல கதைகள்தான், ஆனால் கேட்டுவிட்டு நிமிர்ந்தால் பார்க்க வேண்டிய முகம் அங்கே இல்லை.

அப்புறம் மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துகிற நாள் வந்தது. ஜன்னல் மேசைக்குக் கரண்டு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. மறுகோடிக்காரர்கள் எல்லாரும் எங்கள் பக்கம் வந்து நெருக்கி உட்கார்ந்தார்கள். மதினி மட்டும் வாசல் ஷட்டர் பக்கத்தில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். புதுப்பெண் அன்று லீவு, அவள் முக்காலியில் நான் யாரையும் உட்காரவிடவில்லை.

அன்றைய கதை மிளகாய். மிளகாய் நம் மண்ணில் பிறந்ததே இல்லை, கடல் தாண்டிக் கப்பலில் வந்தது, அதற்கு முன்னால் காரம் என்றால் மிளகுதான் என்று ஆரம்பித்ததுமே மேசையில் ஒரே ரகளை. தேனிப் பக்கத்துப் பெண்களிடம் மிளகாய் இல்லாத காலம் ஒன்று இருந்தது என்று சொல்லிவிட்டுத் தப்ப முடியுமா?

"அப்ப கருவாட்டுக் கொழம்பு?" என்றாள் தெருக்காரி. "சும்மா சொல்றாக. இதுக்குத்தான் சான்று கேக்கணும்."

போனில் அந்தப் பெண் பதில் சொல்ல வருகிற நேரத்தில் போன் செத்துவிட்டது. கரண்டு இல்லாத ஊரில் சார்ஜ் போட மறந்தது என் தப்பு என்று எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மேசையில் மற்றவர்கள் போனில் அது இல்லை. மிளகாய் கப்பலில் நின்றது நின்றபடி நின்றது.

"மொதல்ல நம்ம சனத்துக்கு அது என்னன்னே தெரியல" என்று ஷட்டர் பக்கமிருந்து குரல் வந்தது.

திரும்பிப் பார்த்தோம். மதினி தலையைத் தூக்கவில்லை. கை காயைப் பிரித்துக்கொண்டே இருந்தது.

"பாத்தாக. கடிச்சுப் பாத்தாக. மிளகு மாதிரி சுள்ளுன்னு இருக்கு, ஆனா காயா இருக்கு. சரி, மிளகாய்னு பேரு வச்சுட்டாக."

ம் கொட்ட ஆளில்லாமல் கதை அங்கே நின்றுவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"ம்" என்றேன்.

"யாரு மொதல்ல கொழம்புல போட்டதுன்னு கேட்டா, அந்தப் பொம்பள சான்று இல்லைங்குது. இல்லாட்டி என்ன? எவளோ ஒருத்தி பயந்து பயந்து ஒண்ணக் கிள்ளிப் போட்டிருப்பா. அவ புருசன் கண்ணுல தண்ணி வர வரத் தின்னுட்டு, நாளைக்கும் போடுன்னு சொல்லியிருப்பான்."

"ம்."

இரண்டாவது ம்முக்கு மதினி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தே சொன்னாள். எந்தெந்த ஊரில் எப்படிப் பரவியது, வெயில் ஊர்க்காரர்கள் ஏன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று கடைசிவரை சொன்னாள். நான் விடாமல் ம் கொட்டினேன். அவள் அளவுக்கு எனக்கு வராது. 'அப்புறம்' என்கிற ம்மையே எல்லா இடத்துக்கும் போட்டேன்.

கதை முடிந்ததும் சொளகைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காலி முக்காலியைச் சேலைத் தலைப்பால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். பக்கத்தில் பார்த்தபோதுதான் கண் சிவந்திருந்தது தெரிந்தது. இத்தனை நாள் பல்பு வெளிச்சத்தில் பொறுக்கினதாக இருக்கும்.

"மதினி, அந்தாளு உங்க ஊரப் பத்திச் சொன்னாரே, அதுக்கும் சான்று கிடையாது" என்றேன். அத்தனை நாளும் சொல்லவென்று வைத்திருந்தது அது.

"இருந்தா மட்டும் என்ன? நானா ராத்திரில பந்தத்தப் பிடிச்சுக்கிட்டு வழி காட்டுனேன்?" என்றாள். தெருக்காரி சத்தமாகச் சிரித்தாள். மதினியும் சிரித்தாள்.

இரண்டு பேரும் காய் பார்த்தோம். நான் விட்ட ஒரு வெடித்த காயை அவள் எடுத்து என் பக்கம் காட்டிவிட்டு ஓரமாகப் போட்டாள்.

"நீங்க எப்ப இதக் கேட்டீக?" என்றேன்.

"உப்பு கேட்ட அன்னைக்கே மருமககிட்டச் சொல்லி என் போன்ல போட்டுக்கிட்டேன். நீங்க எல்லாரும் ஊசி கேக்கையில நான் மிளகாயத் தாண்டிட்டேன். தெனமும் சோறு வடிக்கையில கேக்குறது."

"நல்லா இருக்குல்ல?"

"நல்லாத்தான் சொல்லுது அந்தப் பொம்பள." மதினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நானும் அடுப்படியில தனியா நின்னு ம் கொட்டுறேன் ஏத்தா. அவளுக்கு எங்கிட்டுக் கேக்கும்?"